ஏசிக்கு முன்னால் கூரை

கூரைமேல் சூரியன் – 7

கள்ளக்குறிச்சி ஏறத்தாழ 11.7 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 20, 21 தேதிகளை ஒட்டி நண்பகலில் சூரியன் இந்த ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும். கம்பம் நட்டால் நிழல் விழாது. அதற்கு இரண்டு வாரம் கழித்து அக்னி நட்சத்திரம் தொடங்கும். கடல் காற்று எட்டாத உள்நாட்டு ஊர். மேற்கே கல்வராயன் மலை. கான்கிரீட் மொட்டை மாடியின் மேற்பரப்பு மதியம் 60 டிகிரியைக்கூட எட்டும். அந்தச் சூடு உடனே வீட்டுக்குள் வராது. தளத்துக்குள் மெல்ல இறங்கி, நாம் சாப்பிட்டுவிட்டுப் பாய் விரிக்கும் நேரத்தில்தான் அறைக்குள் கொட்டத் தொடங்கும். மின்விசிறியைச் சுழலவிட்டால் அது அனலையே கீழே தள்ளுகிறது.

அப்போதுதான் ஏசி வாங்கும் எண்ணம் வருகிறது. வாங்கியபின் வரும் ஈபி பில்லைப் பார்த்ததும் சோலார் எண்ணம் வருகிறது. "ஒரு ஏசி ஓட்ட எத்தனை பேனல் வேண்டும்?" என்பதுதான் இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து அதிகம் கேட்கப்படும் கேள்வி. கணக்கை முதலில் பார்த்துவிடுவோம்.

ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, ஐந்து நட்சத்திரம் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். முழு வேகத்தில் அது ஒரு கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும்; அறை குளிர்ந்தபின் வேகம் குறைந்து பாதி அளவுக்கும் கீழே இறங்கும். மேலே வெயில் பட்ட தளம் இருக்கும் படுக்கையறையில் கோடை இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் 6 முதல் 7 யூனிட் செலவாகும். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட். ஃப்ரிட்ஜ், விசிறி, டிவி, தண்ணீர் மோட்டார், கிரைண்டர் எல்லாம் சேர்ந்து இன்னொரு 300. ஆக 700 யூனிட்.

நம் மின்வாரியக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரை ஒரு கணக்கு, அதைத் தாண்டினால் வேறு கணக்கு. தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போவது ஒரு பக்கம். 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்துவந்த மலிவு விலையும் சேர்ந்து பறிபோவது இன்னொரு பக்கம். ஏசி வந்த வீட்டில் பில் இரட்டிப்பாகாமல் நாலைந்து மடங்காவது இதனால்தான். சோலாரில் உண்மையான லாபமும் இங்கேதான் இருக்கிறது: மொத்த யூனிட்டையும் அழிக்க வேண்டியதில்லை, 500-க்குக் கீழே இறக்கிவிட்டாலே பெரும்பகுதி வலி தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் சோலார், ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட் போட்டால் 12 யூனிட். இரண்டு மாதத்துக்கு 720. மேலே சொன்ன வீட்டுக்கு இது கிட்டத்தட்ட சரியாக இருக்கும். 540 வாட் பேனல் ஆறு போதும், நிழல் விழாத 300 சதுர அடி மாடி வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய், ஆக 78,000 ரூபாய் மானியம். அதற்குமேல் எவ்வளவு போட்டாலும் மானியம் கூடாது. சோலார் செல், பேனல் இரண்டும் இந்தியாவிலேயே செய்ததாக இருந்தால்தான் மானியம் கிடைக்கும் என்பதால், மலிவாகத் தருகிறோம் என்று வருபவரிடம் அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெயில் ஏற ஏற மின்சாரமும் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. பேனலின் திறனை 25 டிகிரியில் வைத்துத்தான் அளக்கிறார்கள். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். மே மாத மதியம் பேனலின் உள்சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது எட்டில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது. அதனால் அதிக விளைச்சல் பிப்ரவரி, மார்ச்சில் கிடைக்கும். அதிகச் செலவு மே மாதத்தில் வரும். பேனலுக்கும் தளத்துக்கும் நடுவில் காற்றோட்டம் இருக்கும்படி உயர்த்திக் கட்டச் சொல்வது இந்தச் சூட்டைக் குறைக்கத்தான்.

இந்த மாவட்டத்துக்கே உரிய இன்னொரு எதிரி சாம்பல். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள், ஊரைச் சுற்றி நெல் அரைக்கும் ஆலைகள், கரும்பு வெட்டியபின் கொளுத்தும் சோகை. காற்று வாக்கில் இருக்கும் மாடிகளில் கரித்தூள் படியும். பேனலின் ஓரத்தில் கோடு போலப் படியும் அழுக்கே உற்பத்தியைக் கணிசமாகக் குறைத்துவிடும். அரவைக் காலத்தில் வாரம் ஒருமுறை, பொழுது விடிந்ததும், சூடேறுவதற்குமுன் வெறும் தண்ணீரால் கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் மதியம் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இனி இரவு விஷயத்துக்கு வருவோம். ஏசி ஓடுவது இரவில். சோலார் விளைவது பகலில். பகலில் விளைந்ததை மின்வாரியத்தின் கம்பிக்கு அனுப்பி, இரவில் கம்பியிலிருந்து வாங்கி, இரண்டையும் மீட்டரில் கழித்துக்கொள்கிறோம். பில்லைப் பொறுத்தவரை இது சரியான ஏற்பாடு. ஆனால் இரவு பத்து மணிக்கு உங்கள் ஏசியைச் சுழற்றுவது பெரும்பாலும் அனல் மின்நிலையத்தில் எரியும் நிலக்கரி. 2024 மே 2-ல் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம். பகல் தேவைக்குச் சூரியன் கைகொடுக்கிறது. பொழுது சாய்ந்தபின் எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் ஏசி ஏறும்போது கைகொடுக்க யாரும் இல்லை. ஊருக்குள் லோ வோல்டேஜ் வருவதும் டிரான்ஸ்ஃபார்மர் புகைவதும் அந்த நேரத்தில்தான்.

சோலார் வைத்தவர்களில் பலர் முதல் மின்தடையில் அதிர்ந்துபோகிறார்கள். பட்டப்பகல், மேலே பேனல் முழு வெயிலில் கிடக்கிறது, கரண்ட் போனதும் வீடே நின்றுவிடுகிறது. இது பழுதல்ல. கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர், லைன் போனதும் தானாக நின்றாக வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உடலில் உங்கள் வீட்டு மின்சாரம் பாயும். மின்தடையிலும் ஏசி வேண்டுமானால் பேட்டரியும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் வேண்டும். 150 ஆம்பியர் டியூபுலர் பேட்டரி ஒன்றில் அடங்குவது 1.8 யூனிட். அதன் ஆயுளைக் காக்க வேண்டுமானால் பாதியைத்தான் எடுக்கலாம். ஓர் இரவின் ஏசிக்கே எட்டு பேட்டரி! நாலைந்து ஆண்டில் அத்தனையையும் மாற்ற வேண்டிவரும். லித்தியம் கூடுதல் காலம் உழைக்கும், விலையும் கூடுதல். சமவெளியில் கம்பி இணைப்பு உள்ள வீட்டுக்கு, ஏசியை ஓட்டுவதற்காக மட்டும் பேட்டரி வாங்காதீர்கள் என்பதே என் முடிவு. விசிறிக்கும் விளக்குக்கும் ஒரு சிறு இன்வெர்ட்டர் போதும்.

மின்சாரத்தைச் சேமிப்பது செலவு என்றால் குளிரைச் சேமிக்கலாமே. இது புதிய யோசனையல்ல. 1878-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அகஸ்டின் மூஷோ என்ற பிரெஞ்சுக் கணித ஆசிரியர், கண்ணாடித் தட்டால் வெயிலைக் குவித்து, அந்தச் சூட்டால் ஓர் இயந்திரத்தை இயக்கி, கூட்டத்தின் கண்முன்னே பனிக்கட்டி செய்து காட்டினார். அதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்குமுன், 1842-ல், சென்னைக் கடற்கரையில் அமெரிக்கப் பனிக்கட்டி வணிகர் ஃபிரெடரிக் டூடரின் நிறுவனம் ஐஸ் ஹவுஸைக் கட்டியிருந்தது. அமெரிக்க ஏரிகளில் அறுத்த பனிக்கட்டி கப்பலில் நான்கு மாதம் பயணித்து வந்து அங்கே காக்கப்பட்டது. இன்று அது விவேகானந்தர் இல்லம். தடித்த சுவரும் மரத்தூளும் மட்டும் கொண்டு வெப்பத்தைத் தடுத்து, சென்னை வெயிலில் பனியை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தின் குளிர், தடுப்பில்தான் இருந்தது.

அதே பாடம் நம் அறைக்கும் பொருந்தும். சோலார் வைத்தவர்கள் ஏசியை இரவு பத்து மணிக்கு எரியும் அறையில் போடாமல், பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்தரை வரை போட்டு அறையையும் சுவரையும் குளிரவைத்து, கதவு ஜன்னலைச் சாத்தி வையுங்கள். அந்த மின்சாரம் உங்கள் பேனலிலிருந்தே வரும். இரவில் இயந்திரம் மெதுவாக ஓடினாலே போதும். ஆனால் இது பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: மேல்தளம் சுடக் கூடாது. சுடுகிற தளத்துக்குக் கீழே பிற்பகலில் சேர்த்த குளிர், ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்.

நம் கொத்தனார்களுக்கு இது தெரியாததல்ல. தளம் போட்டபின் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் கொட்டி, நாள்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். மழைநீரையும் வெயிலையும் ஒன்றாகத் தடுக்கும் வேலை அது. இப்போது ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை. வெறும் சிமென்ட் பூச்சோடு விட்டுவிட்டு, மிச்சமான பணத்தில் ஏசி வாங்குகிறோம். வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடித்தாலே வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். கூலிங் டைல்ஸ் இன்னும் நீடிக்கும். பேனலே ஒரு பந்தல்தான்: கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தில் யான் கிளைஸ்ல் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், பேனல் நிழலில் இருந்த கூரையின் அடிப்பகுதி, வெயில் பட்ட பகுதியைவிடப் பகலில் 2.5 டிகிரி செல்சியஸ் வரை குறைவாக இருந்தது. எனவே படுக்கையறைக்கு நேர் மேலே பேனலை வையுங்கள். வரவேற்பறைக்கு மேலே வைத்துவிட்டுப் படுக்கையறைக்கு ஏசி போடுவது இரட்டைச் செலவு.

ஏசியை 24 டிகிரியில் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். விசிறியும் மெல்ல ஓடினால் 26-லேயே நன்றாகத் தூங்கலாம்.

இத்தனையும் கான்கிரீட் மாடி உள்ளவர்களுக்கு. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை விட்டு மலை ஏறினால் கணக்கே மாறுகிறது. சின்னக் கல்வராயன் சராசரியாக 800 மீட்டர் உயரம், பெரிய கல்வராயன் 1,200 மீட்டர். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் 6 டிகிரிக்கு மேல் குறையும் என்பதால், மலைமேல் ஏசி தேவையில்லை. ஆனால் மண் சுவரும் புல் கூரையும் போய்த் தகரமும் சிமென்ட் அட்டையும் வந்த வீடுகளில் பகல் முழுக்க உட்கார முடியாது. அந்தக் கூரை பேனலின் எடையையும் காற்றின் இழுப்பையும் தாங்காது. மின்கம்பியோ காட்டு வழியாக வருகிறது. மரம் ஒன்று சாய்ந்தால் மின்சாரம் திரும்ப நேரமாகும். கம்பி அறுந்ததும் நிற்கும் சோலார் அங்கே யாருக்கும் பயன்படாது. சமவெளியில் வேண்டாம் என்று சொன்ன பேட்டரி, மலையில் கட்டாயம் வேண்டும்.

2011-ல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் இதைப் பாதி புரிந்துகொண்டிருந்தது. 300 சதுர அடிக் கான்கிரீட் வீடு, கூடவே சோலாரில் எரியும் ஐந்து விளக்குகள். ஆனால் பேட்டரிக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான். அது செத்தபின் மாற்றித் தர ஓர் ஏற்பாடு இல்லாவிட்டால், கூரைமேல் பேனல் மட்டும் மிஞ்சும்.

ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து 1976-ல்தான் விடுபட்ட மலை இது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து இந்த மலைமக்களின் வாழ்க்கை நிலையைக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அங்கே குளிர் வேண்டிய இடங்கள் வேறு. சுகாதார நிலையத்தில் தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். பேட்டரியே இல்லாமல், பகலில் பேனல் தரும் மின்சாரத்தால் உள்ளே பனியை உறையவைத்து, அந்தப் பனியாலேயே இரவைக் கடக்கும் தடுப்பூசிக் குளிர்பெட்டிகளை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுப் பல ஆண்டுகளாகின்றன. மூஷோ காட்டிய வித்தைதான், இப்போது பெட்டிக்குள். இதே முறையில் குளிரைச் சேமிக்கும் சோலார் குளிர்பதன அறைகளைப் புனேயின் ஈக்கோஜென் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. மலையில் விளையும் காய்கனியை அன்றைய விலைக்கே கொடுத்துவிட்டு இறங்கும் விவசாயிக்கு அது இரண்டு நாள் அவகாசம் தரும்.

மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்பது சொந்த மாடியும், தன் பெயரில் மின் இணைப்பும், மீதிப் பணமும் உள்ளவர்களுக்கே போய்ச் சேர்கிறது. பேனலைத் தாங்காத கூரை உள்ளவருக்கு அது எட்டுவதில்லை. வீட்டுக் கூரை தாங்காவிட்டால் பள்ளிக் கூரை தாங்கும், ஊராட்சி அலுவலகக் கூரை தாங்கும். கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் பொதுக் கட்டடங்களில் பேட்டரியோடு சோலார் போட்டு, பேட்டரி மாற்றும் செலவை முதல் நாளிலேயே திட்டத்தில் சேர்த்து ஒதுக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். சமவெளி வாசகர்களுக்கு: ஏசிக்கும் பேனலுக்கும் முன்பணம் கட்டுமுன், இந்த மார்ச்சுக்குள் மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்துவிடுங்கள்.