விதைநெற் பெட்டிக்கு ஏற்ற மூலை மூட்டு

அடுத்த போகத்துக்கென ஒதுக்கிய விதைநெல், நன்கு உலர்ந்த நிலையில், வண்டும் அந்தும் எலியும் அணுகாதவாறு காக்கப்படல் வேண்டும். ஓர் ஏக்கருக்கு வேண்டிய 2 புசல், அதாவது ஏறத்தாழ 42 கிலோகிராம் நெல், உட்புறம் 24 அங்குல நீளமும் 16 அங்குல அகலமும் 14 அங்குல உயரமும் உள்ள பலகைப் பெட்டியில் அடங்கும். இத்தகைய பெட்டி முதலில் விட்டுப்போவது மூலையிலேயாம். ஆதலின் பலகையின் விலையை விசாரிக்கும் கமக்காரர், மூலை எவ்வாறு பொருத்தப்படும் என்பதையும் தச்சனிடம் முன்னரே பேசிக்கொள்ளல் நன்று.

ஒரு பலகையின் முனையில் மற்றொன்றை முட்டவைத்து ஆணியறைவதே எளிய முறை. ஆனால் அவ்வாணி பலகையின் வெட்டுமுகத்தினூடாக, நாரோட்டத்தின் வழியே இறங்குகின்றது. நாருக்குக் குறுக்கே சென்ற ஆணியை மரம் இறுகப் பற்றும். நாரின் வழியே சென்றதோ நார்களை விலக்கிக்கொண்டு செல்வதாற் பிடி குறையும். மேலும், மாரியில் மரம் ஈரமுறிஞ்சி அகலத்தில் விரியும்; கோடையிற் சுருங்கும். நெல்லும் பக்கங்களை ஓயாது வெளியே தள்ளும். நாளடைவில் மூலை வாய்பிளக்கும். அந்துப்பூச்சிக்குச் சிறு வெடிப்பே போதும்.

மூலையின் உட்புறம் ஒரு சதுரக் கட்டையை நிறுத்தி, இரு பலகைகளையும் அதிலே அறைந்தால் ஆணிகள் நாருக்குக் குறுக்கே செல்லும். மரக்கறிப் பெட்டிக்கு இதுவே போதும். அதற்குமேற் செலவிடுவது வீண்.

விதைநெற் பெட்டிக்குப் புறாவால் மூட்டே சிறந்தது. ஒரு பலகையின் முனையில், புறாவின் வாலைப்போல நுனி அகன்ற நாக்குகளை வெட்டி, மற்றதில் அவற்றுக்கேற்ற இடைவெளிகளை உளியாற் கொத்தி, மரப்பசை பூசி இறுக்குவர். நாக்கு அகன்றிருத்தலின் நீளப்பாங்கில் இழுத்தாலும் கழலாது. முதிரை போன்ற வன்மரத்தில் 8க்கு 1 என்ற சரிவும், மா போன்ற மென்மரத்தில் 6க்கு 1 என்ற சரிவும் தகும். சரிவு மிகுந்தால் நாக்கின் ஓரம் உடையும், குறைந்தாற் பிடிப்பில்லை.

நாக்கை எப்பலகையில் வெட்டுவது என்பதிலேயே பலர் தவறுகின்றனர். இம்மூட்டு ஒரு திசையில் மட்டுமே தானாகப் பூட்டிக்கொள்ளும். மற்றத் திசையிற் பசையே தாங்கவேண்டும். நிறைந்த பெட்டியை முனைப்பலகைகளின் கைப்பிடியைப் பற்றி இழுப்பதே வழக்கமாதலின், நாக்குகள் நீண்ட பலகைகளில் அமைதல் வேண்டும். நீண்ட பக்கங்கள் வெளியே நகராதிருக்க, அடியைச் சுற்றி ஒரு சட்டம் பொருத்தி, அதன் நாக்குகளைக் குறுகிய துண்டுகளில் வெட்டுவிக்கலாம். கூலி சற்றுக் கூடும். ஆயினும் விதை அழிந்தபின் கடைநெல்லை நம்பி விதைப்பதினும் அது மலிவேயாம்.

நெல் இடுமுன், இரவில் பெட்டியினுள் மின்சூளை ஏற்றி வைத்து மூடி, மூலைகளைப் புறத்தே நோக்குக. ஒளி கசியுமிடத்தில் வாட்டூளைப் பசையுடன் குழைத்து அடைத்தல் வேண்டும்.