விளையாட்டுத் திரை சிதறுவது ஏன்?

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு வழக்கு எழுவது வாடிக்கையாகிவிட்டது. பிள்ளை கணினியில் விளையாடிக்கொண்டிருக்கும்போது திரையிலே பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் சிதறுகின்றன. வீரனுடைய முகம் கூர்கூராக நீண்டு சுவரைக் குத்துகின்றது. கடலாக இருக்கவேண்டிய இடம் சதுரஞ் சதுரமாக உடைகின்றது. தாயார் எட்டிப் பார்க்கிறார். "உந்த விளையாட்டாலைதான் மெசின் பழுதாப்போச்சு" என்ற தீர்ப்பு உடனே கிடைக்கின்றது. மறுநாள் பெட்டி திருத்துமிடத்துக்குப் போகின்றது. "கிறபிக்ஸ் காட் முடிஞ்சுது, புதுசு போடவேணும்" என்ற இரண்டாந் தீர்ப்பு அங்கே கிடைக்கின்றது. அந்தக் காட்டின் விலை சில வேளைகளில் ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்தையும் விழுங்கிவிடும்.

இவ்விரு தீர்ப்புக்களும் பெரும்பாலும் விசாரணையின்றி வழங்கப்படுபவை என்பதே நமது கட்சி. விளையாட்டு நோயை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் நோயை வெளிக்காட்டுகின்றது. மலை ஏறும்போது மூச்சு வாங்கினால் மலையைக் குறைகூறுவார் உண்டோ?

திரையில் ஓவியம் எவ்வாறு உண்டாகின்றது என்பதை முதலிற் காண்போம். 1920க்கு 1080 என்ற அளவுடைய திரையில் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 60 தடவை படம் மாறுமாயின், ஒவ்வொரு விநாடியும் 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகளுக்கு நிறந்தீட்டியாக வேண்டும். கடிதம் தட்டெழுதும்போது பெரும்பாலான புள்ளிகள் மாறாதிருப்பதால் காட்டுக்கு வேலை மிகக் குறைவு. விளையாட்டிலோ மரமும் நிழலும் நீரலையும் ஒவ்வொரு கணமும் புதிதாகக் கணிக்கப்படுகின்றன. அதுவரை உறங்கிக் கிடந்த காட், நூறு இருநூறு உவாற்று மின்சாரத்தை உண்டு, அவ்வளவையும் வெப்பமாகக் கக்குகின்றது. அவ்வெப்பம் வெளியேற வழியில்லையேல் நினைவகத்திலுள்ள எண்கள் தடுமாறும். எண் தடுமாறினால் நிறம் தடுமாறும். சிதறிய புள்ளிகளின் கதை பெரும்பாலும் இதுவே.

காங்கேசன்துறையில் வாழ்வோர்க்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. வடக்கே பாக்குநீரிணை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் உப்புத் துளிகள் காற்றோடு கலந்து யன்னல் வழியே அறைக்குள் வருகின்றன. சோளகம் பிறந்தாலோ தெற்கேயுள்ள செம்மண் நிலங்களிலிருந்து புழுதி வருகின்றது. 1950இல் உற்பத்தி தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையின் தூளை முதியோர் இன்னும் நினைவுகூர்வர். அது 1990இன் போரோடு நின்றது. உப்போ நின்றபாடில்லை. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் சாதாரண உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கரைந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். செம்பையும் ஈயப்பற்றையும் அரிக்கும். யன்னற் கம்பியிலே கறள் ஏறுவதைக் காண்கின்ற நாம், அதே காற்றைத் தன் விசிறிகளால் இரவும் பகலும் உள்ளிழுக்கும் கணினிப் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை.

இனி விசாரணைக்கு வருவோம். செலவில்லாத முதற் சோதனை ஒன்று உண்டு. திரை சிதறியிருக்கும்போதே விண்டோஸ் விசையையும் பிறின்ற் ஸ்கிறீன் விசையையும் சேர்த்தழுத்தினால் அக்காட்சி ஒரு படமாகச் சேமிக்கப்படும். அப்படத்தைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். தொலைபேசியிலும் அதே சிதறல் தெரிந்தால் பழுது பெட்டிக்குள்ளே, அஃதாவது காட்டிலோ, நினைவகத்திலோ, மென்பொருளிலோ இருக்கின்றது. தொலைபேசியிற் படம் துலக்கமாயிருந்தால் காட்மீது பெரும்பாலும் குற்றமில்லை. கேபிளையும் மொனிற்றரையுமே ஐயுறவேண்டும். இவ்வொரு சோதனையைச் செய்யாமலே எத்தனையோ காட்கள் மாற்றப்பட்டிருக்கின்றன.

கேபிளிலும் சில அடையாளங்கள் உண்டு. பழைய வீஜீஏ கேபிளில் சிவப்புக்குரிய ஊசி வளைந்தாலோ கறள்பிடித்தாலோ, முகங்களெல்லாம் நீலங்கலந்த பச்சையாகிவிடும். எச்டிஎம்ஐ கேபிள் கெட்டால் மின்மினிபோல வெண்புள்ளிகள் தோன்றும். அல்லது திரை ஒரு கணம் இருண்டு மீளும். கழற்றித் துடைத்து இறுகச் செருகினாலே பல வேளைகளில் போதும். இரவல் கேபிள் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது அதனினும் நன்று.

படம் நடுவில் வெட்டுண்டு மேற்பாதியும் கீழ்ப்பாதியும் சற்று விலகி நிற்பது பழுதே அன்று. காட் படம் தரும் வேகமும் திரை படம் ஏற்கும் வேகமும் ஒத்துப்போகாமையே அதன் காரணம். விளையாட்டின் அமைப்புக்களில் வீசிங்க் என்பதை இயக்கினால் அது மறையும். இதற்காகவும் பணம் வாங்குவோர் உளர் என்று கேள்விப்படுகின்றோம்.

ஒரே ஒரு விளையாட்டில் மாத்திரம் சிதறல் ஏற்பட்டு ஏனையவை ஒழுங்காக ஓடினால் அவ்விளையாட்டின் கோப்புக்களையோ டிறைவர் எனப்படும் இயக்க மென்பொருளையோ பார்க்கவேண்டும். இதற்குப் பழையதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1980இல் யப்பானிய நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பக்மான் விளையாட்டில் 256ஆம் கட்டத்தை அடைந்தவர்கள், திரையின் வலப்பாதி முழுவதும் எழுத்துக்களும் எண்களும் குப்பையாய்க் குவிந்திருக்கக் கண்டனர். இயந்திரம் பழுதன்று. கட்டத்தின் எண்ணை வைத்திருந்த இடம் 255வரைதான் எண்ணவல்லது. அதற்குமேல் சுழியத்துக்குத் திரும்பியபோது பழச் சின்னங்களை வரையும் பகுதி நிலைதடுமாறியது. எழுதியவர்கள் விட்ட குறைக்கு இயந்திரம் என்ன செய்யும்? இன்று டிறைவரைப் புதுப்பித்த மறுநாளே சிதறல் தொடங்கினால் முந்திய பதிப்புக்குத் திரும்பிப் பார்க்கவேண்டும். பெட்டியை இயக்கியவுடன், விண்டோஸ் தோன்றுமுன்பே, நிறுவனச் சின்னம் சிதைந்து தெரிந்தால் மாத்திரம் விண்டோஸிலுள்ள டிறைவர் நிரபராதி எனக் கொள்க.

விளையாடத் தொடங்கிப் பத்து இருபது நிமிடங்களின் பின்னரே சிதறல் தோன்றுமாயின் வெப்பத்தையே முதலில் ஐயுறுக. கடற்கரையை அண்டிய ஒரு வீட்டில் நாம் கண்டது இது. வெளிநாட்டிலுள்ள தமையன் அனுப்பிய பணத்தில் வாங்கிய கணினி. உயர்தர வகுப்பில் படிக்கும் தம்பியின் படிப்புக்கும் அதுவே துணை. புதுக் காட் போடவேண்டும் என்று ஓரிடத்திற் சொல்லிவிட்டார்களாம். விளையாட்டை ஓடவிட்டு வெப்பநிலையைப் பார்த்தோம். 94 பாகை. 70, 80 என்றால் அஞ்சவேண்டியதில்லை. 90ஐத் தாண்டினால் ஆராயவேண்டும். பெட்டி வடக்கு யன்னலின் கீழே, சுவரோடு முதுகு ஒட்ட வைக்கப்பட்டிருந்தது. திறந்தபோது காட்டின் அலுமினியத் தகடுகளுக்கிடையே புழுதியும் உப்பும் சேர்ந்து கம்பளிபோல இறுகியிருந்தன. சில்லின்மேற் பூசியிருந்த வெப்பப் பசை சுண்ணாம்புபோல உதிர்ந்தது. துப்புரவாக்கிப் புதுப் பசை பூசிப் பெட்டியை உட்சுவரோரம் மாற்றியபின் அதே விளையாட்டில் 76 பாகை. சிதறல் இல்லை. செலவு ஒரு பசைக்குழாயின் விலை மாத்திரமே.

துப்புரவாக்க விரும்புவோர் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, இயக்கும் பொத்தானைச் சில விநாடி அழுத்தி எஞ்சிய மின்னைப் போக்குக. பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னையும் நீக்குக. விசிறியை விரலால் பிடித்துக்கொண்டே தூரிகையால் தட்டுக. பொன்னிறத் தொடுகைகளை ஐசோபுரோப்பைல் அற்ககோல் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைக்கலாம். ஈரத்துணி வேண்டா. பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விடுவதுபோல் இங்கும் விட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அதுவும் வேண்டா.

காட்டைக் கழற்றி அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் பிழைக்கும் என்ற வைத்தியமும் உலவுகின்றது. இதற்கு வேர் இல்லாமலில்லை. சூடேறியும் ஆறியும் வருவதனால் சில்லின் அடியிலுள்ள ஈயப்பற்றுக்கள் வெடிப்பதுண்டு. என்விடியா நிறுவனத்தின் மடிக்கணினிச் சில்லுகளில் இவ்வகைக் குறை வெளிப்பட, 2008 யூலையில் அந்நிறுவனம் 15 கோடி முதல் 20 கோடி டொலர் வரை அதற்காக ஒதுக்குவதாக அறிவித்தது. அடுப்பிலிட்டால் வெடிப்புச் சில நாள் ஒட்டி நிற்கக்கூடும். பின்னர் மீண்டும் விடும். அதற்குள் சோறு சமைக்கும் அடுப்பில் ஈயமும் பிளாத்திக்கும் கருகிய புகை படிந்துவிடும். இவ்வைத்தியத்தை நாம் அறவே கண்டிக்கின்றோம்.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. 230 வோல்ற்று வரவேண்டிய இடத்தில் மாலை வேளையில் அது தளர்ந்தால், அல்லது பெட்டியின் மின்வழங்கி நலிந்திருந்தால், காட் உச்ச வேலை செய்யும் அந்நேரத்திலேயே படம் சிதறும். சில வேளை பெட்டியே அணைந்துபோகும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திரார். மின்சாரம் போவதிலும் மீண்டு வரும் கணமே கருவிகளுக்குக் கொடிது. யூபிஎஸ் ஒன்று வாங்குவது புதுக் காட் வாங்குவதினும் மலிவு.

எல்லாம் செய்தும் சிதறல் தீராவிடின் காட் உண்மையாகவே இறந்திருக்கலாம். புதியது வாங்க வசதியற்றோர் பழையதை நாடுவர். 2015 ஜனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறைவரை வரத் தொடங்கியபின் கொழும்புக்குப் போய் ஒன்றை வாங்கிவருவதும் எளிதாயிற்று. ஆயின் ஒன்று. 2022 செப்டெம்பரில் எதிரியம் என்னும் இணைய நாணயம் தன் முறையை மாற்றியபோது, அதை ஈட்டுவதற்காக அல்லும் பகலும் ஓடிக் களைத்த காட்கள் உலகச் சந்தையிற் குவிந்தன. புறத்தோற்றத்தில் அவை புதுமணப்பெண்போல் மினுங்கும். ஆகையால் பணம் கொடுக்குமுன் அரைமணி நேரம் பெரிய விளையாட்டொன்றை ஓட்டிக் காட்டும்படி கேட்கவேண்டும். விற்பவர் மறுத்தால் திரும்பிவிடலாம். அப்போது உடன் அழைத்துச் செல்லவேண்டியவன் வீட்டிலுள்ள பிள்ளையே. எந்த விளையாட்டின் எந்த இடம் காட்டை மிக வருத்தும் என்பது அவனுக்குத்தான் தெரியும்.