"நமக்கெல்லாம் எதுக்கும்மா இந்த டெஸ்ட்?"

அரசாங்க கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குத் தரும் பிங்க் புத்தகத்தைப் புரட்டிய மாமியார், எச்.ஐ.வி. என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். சுபாங் ஜெயா வீட்டில் அன்று எங்களுக்கு அதுதான் பேச்சு.

"எல்லாருக்கும் எடுப்பாங்க அத்தை" என்றேன். மலேசியாவில் கர்ப்பிணிகளுக்கான எச்.ஐ.வி. சோதனைத் திட்டம் தொடங்கியது 1998-இல். சிகிச்சையே இல்லாவிட்டால் தொற்றுள்ள 100 தாய்மார்களில் 15 முதல் 45 பேரின் குழந்தைக்கு அது போய்ச் சேரலாம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் 5-க்கும் கீழே. 2018 அக்டோபரில், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் நமக்குச் சான்று தந்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் நாம்தான் முதல் நாடு.

கால்பந்து பார்த்துக்கொண்டிருந்த கணவரிடம் திரும்பினேன். "நீங்க எப்பவாவது எடுத்திருக்கீங்களா?"

"நான் நல்லாத்தானே இருக்கேன்!"

சிக்கலே அங்கேதான். எச்.ஐ.வி. குறிவைப்பது சி.டி.4 என்ற வெள்ளை அணுக்களை. நோய்க்கிருமி நுழைந்தால் மற்ற அணுக்களை உஷார்ப்படுத்துவது இவைதான். வைரஸ் இவற்றுக்குள்ளேயே புகுந்து, பெருகி, இவற்றை அழிக்கிறது. ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ். அதற்கு 10 ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை மனிதர் வேலைக்குப் போவார், ஜிம்முக்குப் போவார், கல்யாணமும் பண்ணிக்கொள்வார்.

எனக்கு 'இல்லை' என்று வந்தது. ஆனால் அதற்குப் பிறகு கணவரிடமிருந்து தொற்றினால்? புதிதாகத் தொற்றிய வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகம். வயிற்றுப் பிள்ளைக்கும் பால் குடிக்கும் பிள்ளைக்கும் ஆபத்து அப்போதுதான் கூடுதல்.

வானொலியில் இதைப் பேசினால், மைக்கை அணைத்த பிறகுதான் போன் வரும். "போன வாரம் நடந்துச்சு, நாளைக்கே டெஸ்ட் எடுக்கலாமா?" எடுக்கலாம், ஆனால் அதை நம்பி உட்காரக்கூடாது. ஆய்வகச் சோதனையில் தெரிய 45 நாள் வரை ஆகும். விரலில் குத்தும் சோதனைக்கு 90 நாள். நடந்து 72 மணி நேரம் ஆகவில்லையென்றால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள், தடுப்பு மருந்து இருக்கிறது. முன்கூட்டியே என்றால் ஆணுறை, இல்லையேல் பிரெப் மாத்திரை. தொற்று உள்ளவர்களும் மருந்தால் ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

அடுத்த வாரம் கணவர் அரை நாள் லீவு போட்டு என்னோடு வந்தார். விரலில் ஒரு குத்து, அவ்வளவுதான். முடிவை இங்கே எழுத மாட்டேன், அது அவருடைய விஷயம். மாமியாரிடம்கூட அவரேதான் சொன்னார்.