ரோபோ செய்தால் மூட்டு வலிக்காதா?

முள்ளக்காடு, ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளங்களில் பாத்தி மிதித்து, உப்பு வாரிச் சுமந்தே வயதானவர்கள் பலருக்கு முழங்கால் தேய்ந்திருக்கிறது. மாற்று மூட்டு வைக்க முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் வழி உண்டு. ஆனாலும் அறுத்த பிறகு வரும் வலிக்குப் பயந்து தள்ளிப்போடுகிறார்கள். 'ரோபோ வைத்துச் செய்தால் வலியே இருக்காது' என்று இப்போது ஒரு பேச்சு. அதில் பாதிதான் உண்மை.

1992-இல் அமெரிக்காவின் சாக்ரமென்டோவில் 'ரோபோடாக்' என்ற ரோபோ முதன்முதலாக மனிதருக்கு இடுப்பு மூட்டு மாற்ற உதவியது. எலும்புக்குள் செயற்கைத் தண்டு கச்சிதமாகப் பொருந்த வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். வலிக்குறைப்பு பின்னால் சேர்ந்த பேச்சு.

இன்று பரவலாக உள்ள 'மேக்கோ' ரோபோ தானாக அறுப்பதில்லை. ரம்பம் அதன் இயந்திரக் கையில் பொருத்தப்பட்டிருக்கும்; அதைப் பிடித்து நகர்த்துவது மருத்துவர்தான். முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்து, அந்த நோயாளியின் மூட்டைக் கணினியில் முப்பரிமாணத்தில் வரைகிறார்கள். அறுவையின்போது தொடை எலும்பிலும் கால் எலும்பிலும் சிறு ஊசிகளைப் பதித்து அடையாளத் தகடுகளைப் பொருத்துகிறார்கள். கால் அசையும்போதெல்லாம் கேமரா அவற்றைப் பின்தொடரும். குறித்த எல்லையை ரம்பம் தாண்டப் போனால் இயந்திரக் கை பிடித்து நிறுத்திவிடும். வரப்பு கட்டிய பாத்தியில் தண்ணீர் நிற்பது மாதிரி, ரம்பமும் எல்லைக்குள்ளேயே நிற்கும்.

வலிக்கு இதில் என்ன சம்பந்தம்? பழைய முறையில் அளவு பார்க்கத் தொடை எலும்பின் மையக் குழிக்குள் நீளக் கம்பி செலுத்துவார்கள். இங்கே அது தேவையில்லை. மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களை வெட்டித் தளர்த்துவதும் குறையலாம். காயம் குறைந்தால் வீக்கமும் வலியும் குறையும். 2018-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில் பழைய முறையில் 40 பேரையும் ரோபோ முறையில் 40 பேரையும் ஒப்பிட்டார்கள். ரோபோ முறையில் செய்துகொண்டவர்களுக்கு ஆரம்ப நாள்களில் வலியும் வலிமாத்திரைத் தேவையும் குறைவு. அவர்கள் வீடு திரும்ப ஆன இடைநிலை நேரம் 77 மணி, மற்றவர்களுக்கு 105 மணி. சிறிய ஆய்வுதான், யாருக்கு எந்த முறை என்று குலுக்கிப்போட்டுப் பிரித்ததும் அல்ல. ஊசி பதித்த இடம் சிலருக்கு வலிக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது.

வலியை நேரடியாக அடக்குபவை இன்றும் பழைய துணைகளே: தொடையில் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, மூட்டைச் சுற்றிப் போடும் மருந்து, பாராசிட்டமால், ஐஸ் ஒத்தடம், முடிந்தால் அறுவை செய்த அன்றைக்கே வாக்கர் பிடித்து நடை. எனவே ரோபோவுக்குக் கூடுதல் பணம் கேட்டால், மரத்துப்போகும் ஊசி போடுவீர்களா, என்றைக்கு நடக்க வைப்பீர்கள், வீட்டுக்குப் போன பிறகு பிசியோதெரபி யார் தருவார் என்று தயங்காமல் கேளுங்கள்.