டீலர்கள் பெயரில் ஓடிய பந்தயக் கார்கள்

அரிசியும் பருப்பும் விற்கிற நமக்கும் ஆஸ்திரேலியக் கார் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வணிக நண்பர்கள் கேட்கக்கூடும். அந்தப் பந்தயத்தின் கதையில் பாதி கடைக்காரர் கதை என்பதால்தான் இங்கே எழுதுகிறோம்.

அந்நாட்டின் சொந்தக் கார் என்று பெயர் வாங்கிய ஹோல்டன், ஒரு கடையிலிருந்து வந்ததுதான். 1856ல் அடிலெய்டு நகரில் குதிரைச் சேணம் விற்கும் கடையாகத் தொடங்கி, பிறகு கார்களுக்குக் கூடு கட்டும் தொழிலுக்கு வந்து, 1931ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுடன் இணைந்தார்கள். 1948 நவம்பர் 29 அன்று பிரதமர் பென் சிஃப்லி முதல் ஹோல்டன் காரை அறிமுகம் செய்தார். விலை வரியுடன் 733 பவுன். சாதாரணத் தொழிலாளிக்கு அது ஏறக்குறைய இரண்டு வருடச் சம்பளம். அப்படியிருந்தும் ஜனங்கள் முன்பணம் கட்டிக் காத்திருந்து வாங்கினார்கள்.

1960ல் பிலிப் தீவில் 500 மைல் பந்தயம் ஒன்று ஆரம்பமாயிற்று. ஓடி ஓடி அந்தப் பாதை பெயர்ந்துபோகவே, 1963ல் அதை பாதர்ஸ்ட் நகரின் மவுண்ட் பனோரமா மலைக்கு மாற்றினார்கள். மலையைச் சுற்றி ஏறி இறங்கும் ஆறு கிலோமீட்டர் சாலை. அடிக்கும் முடிக்கும் 174 மீட்டர் உயர வித்தியாசம். பந்தயம் இல்லாத நாளில் அது சாதாரண ஊர்ச் சாலை, மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது.

இதில் நம் மனதைக் கவர்ந்தது பந்தயத்தின் சட்டம்தான். அந்தக் காலத்தில் ஷோரூமில் பொதுமக்களுக்கு விற்கிற கார்தான் ஓட வேண்டும் என்று இருந்தது. தனியாகச் செய்த பந்தய வண்டிக்கு அப்போது அங்கே இடமிருக்கவில்லை. ஆரம்ப வருடங்களில் கார்களைப் பிரிவு பிரித்ததுகூட விற்பனை விலையை வைத்துத்தான்! ஞாயிற்றுக்கிழமை மலையில் எந்தக் கார் ஜெயித்ததோ, அதைக் கேட்டுத் திங்கட்கிழமை ஆள் வருவார்கள். இதைவிட நல்ல விளம்பரம் எது?

அதனால் கம்பெனிகள் பந்தயத்துக்காகவே கார் செய்து, குறிப்பிட்ட எண்ணிக்கையைக் கடையில் விற்றுச் சட்டத்தை நிறைவேற்றின. ஃபோர்டின் ஃபால்கன் ஜி.டி.ஹெச்.ஓ. மூன்றாம் கட்டக் கார் அப்படி வந்ததுதான். 1971ல் 300 கார்கள் மட்டும் செய்தார்கள். பார்வைக்குப் பிள்ளைகுட்டிகளோடு போகிற நான்கு கதவுக் கார். அந்த வருடம் பாதர்ஸ்டில் ஆலன் மொஃபாட் அதை ஓட்டி ஜெயித்தார். மறு வருடம் இத்தகைய வேகக் கார்கள் தெருவுக்கு வருவது பற்றிப் பத்திரிகைகள் கூக்குரல் எழுப்ப, அரசு மிரட்ட, நான்காம் கட்டக் கார் நாலு வண்டியோடு நின்றுபோயிற்று.

ஹோல்டன் பக்கம் வேறு சங்கடம். பந்தயத்தில் நேரடியாக இறங்கக்கூடாது என்பது அமெரிக்கத் தலைமையகத்தின் உத்தரவு. எனவே 1969ல் 'ஹோல்டன் டீலர் டீம்' என்று டீலர்கள் பெயரில் அணி அமைத்தார்கள். ஃபோர்டு அணியை நடத்திவந்த ஹாரி ஃபர்த்தை அழைத்துப் பொறுப்புக் கொடுத்தார்கள். அவர் சேர்த்த இளைஞர்தான் பீட்டர் பிராக். 1972ல் சிறிய டொரானா காரை மாற்று ஓட்டுநர் இல்லாமல், மழையில் வழுக்கும் மலைப் பாதையில் தனியாக ஓட்டி முதல் வெற்றி பெற்றார். 1979ல் இரண்டாவதாக வந்தவரைவிட ஆறு சுற்று முன்னால் முடித்தார். மொத்தம் ஒன்பது வெற்றிகள்.

அந்த ஆறு சுற்று வெற்றிக்குப் பிறகுதான் ஹோல்டன் பந்தயத்துக்குப் பணம் தருவதை நிறுத்தியது. டீலர்கள் விடவில்லை. பிராக்கின் பின்னால் நின்றார்கள். அவர் கமோடோர் கார்களை விசேஷமாக மெருகேற்றிக் கொடுக்க, டீலர்கள் விற்க, அந்த லாபத்தில் அணி ஓடியது. 1980ல் மீண்டும் ஜெயித்தது. சரக்கை நம்பினால் ஏஜென்டு எந்த அளவுக்குப் போவான் என்பது நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிராக்கிடமும் ஒரு கோணல் உண்டு. காந்தமும் படிகமும் வைத்த சிறு பெட்டியைக் காரில் பொருத்தினால் நன்றாக ஓடும் என்று அடம்பிடித்து விற்கப் போய், 1987ல் கம்பெனி உறவை முறித்துக்கொண்டது. இதில் கம்பெனி பக்கம்தான் நியாயம் என்பது நம் அபிப்பிராயம். 2006ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பந்தயத்தில் அவர் உயிர் போயிற்று.

2016 அக்டோபரில் ஃபோர்டும், 2017 அக்டோபரில் ஹோல்டனும் அங்கே கார் செய்வதை நிறுத்தின. 2020 பிப்ரவரி 17 அன்று ஹோல்டன் என்ற பெயரையே கைவிடுவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. தருகிற இழப்பீடு போதாது என்று டீலர்கள் கொதித்தெழுந்தார்கள். விஷயம் செனட் விசாரணை வரை போயிற்று. ஒரு கம்பெனி ஏஜென்சியை 14 வருடம் வைத்திருந்து, ஒரே கடிதத்தில் இழந்தவர்கள் நாம். அந்தக் கொதிப்பு நமக்குப் புரிகிறது.

பழைய கார்களுக்கு மட்டும் மவுசு குறையவில்லை. முன்பு கிரிக்கெட் வீரர் ஜெஃப் தாம்சனிடம் இருந்த மூன்றாம் கட்ட ஃபால்கன், 2018ல் ஏலத்தில் 10 லட்சம் டாலரைத் தாண்டிப் போயிற்று. 1971ல் ஷோரூமில் அதன் விலை ஐயாயிரத்துச் சொச்சம் டாலர்தான்.