கற்றாளை வாடினால் உடனே தண்ணீர் விடாதீர்கள்

பிரித்தானியாவில் எம்மவர் வீடுகள் பலவற்றில் சமையலறை யன்னல் ஓரத்தில் ஒரு கற்றாளைச் சாடி இருக்கும். பெரும்பாலும் அம்மம்மாவோ அப்பப்பாவோதான் அதற்குப் பொறுப்பு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இலைகள் துவண்டு சாய்ந்ததும், "பாவம், தண்ணீர் காணாது போல" என்று ஒரு குவளை தண்ணீர் விடுவார்கள். மறுநாள் இன்னும் துவளும். இன்னொரு குவளை விடுவார்கள். சில கிழமைகளில் செடி அடியோடு சரிந்துவிடும்.

வைத்தியத்தில் ஒரே அறிகுறிக்கு நேர் எதிரான இரண்டு காரணங்கள் இருப்பதுண்டு. நீரிழிவு நோயாளி ஒருவர் சோர்ந்து படுத்தால் இரத்தத்தில் சீனி கூடியும் இருக்கலாம், குறைந்தும் இருக்கலாம். சோதிக்காமல் மருந்து கொடுத்தால் ஆபத்து. கற்றாளைக்கும் இதே விதிதான்.

ஏன் துவள்கிறது?

கற்றாளை தண்ணீரை இலையிலேயே சேமித்து வைக்கும் செடி. மற்றச் செடிகள் பகலில் திறக்கும் இலைத்துளைகளை இது பெரும்பாலும் இரவில்தான் திறக்கும். அதனால் நீர் இழப்பு மிகக் குறைவு. கண்ணூறு படாமல் இருக்க வாசலில் தலைகீழாகக் கட்டிவிடும் கற்றாளை, மண்ணும் நீரும் இல்லாமல் நெடுநாள் பச்சையாகவே தொங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

டிசம்பர் கடைசியில் யாழ்ப்பாணத்தில் பகல் சுமார் 11½ மணி நேரம். இலண்டனில் 8 மணி நேரம்கூட இல்லை. வெளிச்சம் குறைந்தால் செடியின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். விட்ட தண்ணீர் சாடியில் தேங்கும். மண்ணுக்குள் காற்றுப் போகாமல் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே சாடி நிறையத் தண்ணீர் இருக்கும்போதே இலை தாகத்தால் வாடும். நாம் மேலும் ஊற்றுவது நோயைக் கூட்டுகிறது.

பரிசோதிக்கும் முறை

முதலில் விரலை மண்ணுக்குள் 2 அங்குலம் விட்டுப் பாருங்கள். பிறகு இலையைத் தொட்டுப் பாருங்கள்.

1. மண் ஈரம், இலை மெதுமெதுப்பாக, கண்ணாடி போல் மங்கி, அடிப்பகுதி பழுப்பாக இருந்தால்: தண்ணீர் கூடிவிட்டது.

2. மண் காய்ந்திருக்கிறது, இலை மெலிந்து, சுருங்கி, உட்புறம் மடிந்திருந்தால்: உண்மையான தாகம்.

3. இலை வெளிறி, நீண்டு, பக்கவாட்டில் சாய்ந்திருந்தால்: வெளிச்சம் போதாது.

4. யன்னல் கண்ணாடியில் முட்டும் இலைகள் மட்டும் கூழாகியிருந்தால்: குளிர் தாக்கியிருக்கிறது. 10 பாகை செல்சியசுக்குக் கீழ் இச்செடியை வைக்காதீர்கள்.

சிகிச்சை

தாகம் என்றால், சாடியின் அடித்துளையால் வடியும் வரை ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். சில நாட்களில் இலை நிமிரும்.

வெளிச்சம் போதாவிட்டால் தெற்கு நோக்கிய யன்னலுக்குச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். கோடையில் திடீரென்று கடும் வெயிலில் வைத்தால் இலை செம்பழுப்பாகும். ரேடியேற்றருக்கு நேர் மேலே வைப்பதும் நல்லதல்ல.

வேர் அழுகியிருந்தால் செடியைச் சாடியிலிருந்து எடுத்து மண்ணை உதறுங்கள். கறுத்து, நாறும் வேர்களையும் கூழான இலைகளையும் சுத்தமான கத்தியால் வெட்டி நீக்குங்கள். வெட்டுக்காயம் காய இரண்டு மூன்று நாட்கள் நிழலில் வையுங்கள். அடியில் துளையுள்ள மண்சாடியில், கள்ளிச் செடிகளுக்கென்று விற்கும் மண்ணில் நடுங்கள். சாதாரண சாடிமண் என்றால் 2 பங்குக்கு 1 பங்கு பருமணல் கலக்கலாம். ஒரு கிழமை கழித்தே தண்ணீர். வேர் முழுவதும் போயிருந்தால், பக்கத்தில் முளைத்த கன்றுகளைப் பிரித்து நடுங்கள். தனி இலையை நட்டால் அது வேர்விடுவது அரிது.

இதன் பிறகு, கோடையில் மண் காய்ந்ததும் விடுங்கள். அது இரண்டு கிழமைக்கு ஒருமுறை அளவில் வரும். குளிர்காலத்தில் மாதம் ஒருமுறையே போதும். பசளை வேண்டாம்.

வெட்டிய இலையை என்ன செய்வது?

வீணாக்க மனமில்லாமல் அதை அரைத்துக் குடிப்பவர்கள் உண்டு. தோலுக்கு அடியில் உள்ள மஞ்சள் பால் கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்கி, உடலில் பொட்டாசியத்தைக் குறைக்கும். சலம் போக மாத்திரை எடுப்பவர்களுக்கும் டிஜொக்சின் போன்ற இருதய மருந்து எடுப்பவர்களுக்கும் இது ஆபத்தாகலாம். கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். போதிய பாதுகாப்புத் தரவுகள் இல்லாததால், வைத்தியரின் சீட்டின்றி விற்கப்பட்ட கற்றாளைப் பேதி மருந்துகளை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002இல் சந்தையிலிருந்து விலக்கியது.

அழுகிய இலையைத் தோலிலும் பூச வேண்டாம், கிருமி தொற்றலாம். சூடு பட்டால் முதல் மருந்து கற்றாளை அல்ல. குழாயிலிருந்து ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் அல்லது சிறு பிள்ளைக்குச் சூடு பட்டாலோ உடனே வைத்திய உதவியை நாடுங்கள்.

வீட்டில் செடி பார்க்கும் பெரியவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். குவளையைத் தூக்குமுன் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தால் போதும். பெரும்பாலான கற்றாளைகள் பிழைத்துக்கொள்ளும்.