திரையில் பகைவன், வானில் நம்மவன்

போர் விமானங்களின்மீது திரைப்படம் கொண்டிருக்கும் தீராத மோகத்துக்கு, 1986இல் வெளிவந்த ‘டாப் கன்’ என்னும் அமெரிக்கப் படத்தைப் போன்ற பிரத்தியட்சமான சாட்சி வேறொன்றில்லை. மலாக்கா நகரத்துக் கொட்டகைகளுக்குப் போக வசதியில்லாத தோட்டத்துப் பிள்ளைகள்கூட, ஜாசின், அலோர் காஜா பக்கத்து லயங்களிலே வீடியோ வைத்திருந்த ஏதேனும் ஒரு வீட்டில் கூடியமர்ந்து, இத்தகைய படங்களைக் கண்கொட்டாமல் பார்த்த காலம் அது.

அந்தப் படத்தின் நாயகன் செலுத்துவது எஃப்-14 டாம்கேட். அவனை எதிர்த்து வருவது கன்னங்கரிய ‘மிக்-28’. அப்பெயருள்ள விமானம் உலகில் இருந்ததே இல்லை. கரிய வர்ணம் பூசிப் பகைவன் வேஷம் தரித்து வந்தது நார்த்ராப் நிறுவனத்தின் எஃப்-5. மெலிந்த சிறு உருவமும் சுறுசுறுப்பும் ரஷ்யாவின் மிக்-21ஐ ஒத்திருந்தமையால், அமெரிக்கப் படையினர் தம் விமானிகளைப் பழக்கும் ஒத்திகைப் போரிலேயே அதற்கு எதிரியின் பாத்திரத்தைக் கொடுத்து வைத்திருந்தார்கள். சினிமா அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் 1975இல் நம் நாட்டுக்கு வந்து, மலேசிய ஆகாயப் படையின் முதல் ஒலிமிஞ்சு விமானமென்ற கீர்த்தியைப் பெற்றதும் இந்த எஃப்-5 ரகமே. திரையிலே வீழ்த்தப்பட்டபோது நம் பிள்ளைகள் கைதட்டி ஆரவாரித்த விமானம், பட்டர்வொர்த் தளத்திலிருந்து எழும்பி நம் வானத்தைக் காத்துக்கொண்டிருந்தது.

அதன் சௌந்தரியம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஒலியின் வேகத்தை நெருங்கும் விமானத்துக்கு முன்னால் காற்று விலகிக்கொடுக்க அவகாசமின்றி நெருங்கித் திரண்டு, பெருந்தடையாக எதிர்த்து நிற்கிறது. மூக்கிலிருந்து வால்வரை விமானத்தின் குறுக்குப் பரப்பு திடீரென்று பெருகாமல் சீராக மாறினால் அத்தடை குறையும். ஆகவே இறக்கை வந்து பொருந்தும் இடத்தில் உடலைச் சற்று ஒடுக்கி, இடைபோல அமைத்தார்கள். கத்திபோல் மெல்லிய இறக்கையும் அதே காரணத்தால் அமைந்தது. வாலிலுள்ள இரண்டு சிறிய ஜெட் என்ஜின்கள், வெளியேறும் வெப்பக் காற்றிலே மீண்டும் எரிபொருளைத் தெளித்துக் கொளுத்துவதால் உண்டாகும் உந்துசக்தி, ஒலியைக் காட்டிலும் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட வேகத்தை அதற்கு அளிக்கிறது. படத்தில் நம்மைச் சொக்கவைக்கும் அந்த ரூபத்தை வகுத்தது காற்றே. வில்லனுக்கென்று யாரும் வரைந்ததன்று.

சினிமா வேறொரு விஷயத்திலும் நம்மை ஏமாற்றுகிறது. இரண்டு விமானங்களும் ஒரே சட்டத்துக்குள் தெரிய வேண்டுமென்பதற்காக, அவற்றை நிஜப் போரில் பறப்பதைக் காட்டிலும் மிக நெருக்கமாகப் பறக்கவிட்டார்கள். உண்மையிலோ, ராடாரும் ஏவுகணையும் வந்தபின் எதிரியைக் கண்ணால் காணுமுன்பே போர் முடிந்துவிடக்கூடும். 2017இல் மணிரத்னம் ‘காற்று வெளியிடை’யில் போர் விமானியைக் கதாநாயகனாக்கியபோது, தமிழ்த் திரையும் இந்த மோகத்தில் பங்கு கொண்டது.

இல்லாத மிக்-28ஐத் திரையில் கண்ட தலைமுறை, 1995இல் மெய்யான மிக்-29 விமானங்கள் மலேசியக் கொடியின் கீழ் பறப்பதையும் கண்டது. ஈராண்டு கழித்து எட்டு எஃப்/ஏ-18 ஹார்னெட் விமானங்கள் வந்து சேர்ந்தன. 2022இல் வந்த ‘டாப் கன்: மேவரிக்’ படத்தில் நாயகன் ஓட்டும் சூப்பர் ஹார்னெட், அவற்றின் பெரிய உருவமே.